இரண்டு நிறம், ஒரு கலம்: கத்தரி–சுண்டை இணைவுக் கலங்களை இனங்கண்டு பிரித்தெடுத்தல். திருகோணமலைச் சூழலில் ஒரு நிகழ்வு ஆய்வு

கத்தரியின் சுவர் நீக்கிய கலங்களையும் சுண்டையின் சுவர் நீக்கிய கலங்களையும் இணைக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பச்சையும் சிவப்பும் சேர்ந்து ஒளிரும் கலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வளர்க்கிறார்கள். சில கிழமைகளில் சிறு இழையத் திரள்கள் வருகின்றன. அவற்றின் டி.என்.ஏ. துண்டுகளை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, மின்புலத்தில் ஓடவிட்டுப் பட்டிகளாகப் பிரித்தால், பெரும்பாலான திரள்களில் கத்தரியின் பட்டி மட்டுமே தெரிகிறது. சிலவற்றில் சுண்டையின் பட்டி மட்டும். இரண்டும் சேர்ந்து வந்தவை மிகச் சில. பொறுக்கிய ஒவ்வொன்றும் இரு நிறத்தோடுதான் இருந்தது. பிழை எங்கே?

இது ஒரு மாதிரி நிகழ்வு. கலம் பிரிக்கும் தானியங்கிப் பொறி இல்லாத, ஒளிர்வு நுணுக்குக்காட்டி ஒன்று மட்டும் இருக்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றைத் திருகோணமலையில் வைத்துப் பார்க்கிறோம். செய்முறை அளவுகள் நடைமுறையில் உள்ளவை. கல எண்ணிக்கைகள் கணக்கை விளக்குவதற்காகத் தரப்பட்டவை.

ஏன் இந்த இரண்டு செடிகள்? கத்தரியைத் தின்று தீர்ப்பது பற்றீரியா வாடல் நோய். காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தொங்கிவிடும். தண்டை வெட்டித் தண்ணீர்க் கிளாசில் வைத்தால் பால் போல இழை இறங்கும். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் தோட்டம் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலியோரத்தில் தானாக முளைக்கும் சுண்டை இந்த நோயை நன்றாகத் தாங்கும். அதனால்தான் கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டுகிறார்கள். மகரந்தம் மாற்றிக் கலப்பினம் எடுப்பது கடினம். எடுத்தாலும் பெரும்பாலும் மலடு. கல இணைவு அந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழி. இரண்டுக்கும் நிறமூர்த்த எண்ணிக்கை 24. இந்த எண் கடைசிச் சோதனையில் மறுபடி வரும்.

பெற்றோர்க் கலங்களைத் தெரிவுசெய்தல்

நிறத்தால் பிரிக்க வேண்டுமானால் முதலில் இயற்கை நிறத்தைப் பயன்படுத்துங்கள். சாயம் அதற்குப் பிறகு. ஒரு பக்கம் இலைக்கலம், பச்சையவுருமணி நிறைந்தது. மறுபக்கம் நிறமில்லாத கலம். சுண்டை விதை உறங்கும், ஒழுங்காக முளைக்காது. ஆகவே சுண்டையைக் குழாயில் வளர்த்த தளிராக வைத்து அதன் இலையை எடுக்க வேண்டும். வெளியில் நிற்கும் சுண்டை இலை மயிர் அடர்ந்தது, தூசியும் பூஞ்சணமும் பிடித்தது. அதைக் கிருமியழிப்பது வீண் வேலை. கத்தரி விதை இலகுவாக முளைக்கும். அதை முழு இருட்டில் 7 முதல் 10 நாள் வளர்த்து, வெளிறிய விதையிலைக் கீழ்த்தண்டை எடுக்கலாம். கலத் தொங்கல் வளர்ப்பும் நிறமற்ற கலம் தரும்தான். ஆனால் அதற்கு இரவு பகலாகக் குலுக்கும் பொறி ஓட வேண்டும். மின்சாரம் போய்வரும் இடத்தில் வெளிறிய தண்டே நம்பகமானது.

ஒரு எச்சரிக்கை. வெளிறிய தண்டை வெட்டும்போது அறை வெளிச்சத்தை மங்கலாக வையுங்கள். வெளிச்சம் பட்டுச் சில மணித்தியாலங்களில் அது பச்சையம் உண்டாக்கத் தொடங்கும். பிறகு கத்தரிக் கலமும் தனியாகவே மெல்லிய சிவப்பு காட்டும்.

கலச்சுவரைக் கரைக்கும் நொதியக் கரைசல் இது: செலுலேசு ஒனோசுகா ஆர்–10 1.5 வீதம், மசரோசைம் ஆர்–10 0.4 வீதம், மனிற்றோல் 0.5 மோலார் (லீற்றருக்கு 91 கிராம்), கல்சியம் குளோரைட்டு 5 மில்லிமோலார், பி.எச்.ஐ நிலையாக வைக்கும் எம்.ஈ.எஸ். 5 மில்லிமோலார், பி.எச். 5.7. வழக்கமாக இதில் 12 முதல் 16 மணித்தியாலம் இருட்டில் 26 பாகையில் வைப்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவில் மின்சாரம் நின்றால் மூடிய அடைகாப்பு 32 பாகைக்கு ஏறிவிடும். நொதியம் வேகமாக வேலை செய்து மென்சவ்வையும் நலிவாக்கும். அப்படிப்பட்ட கலங்கள் காலையில் உருண்டையாக, அழகாகவே தெரியும். இணைப்புக் கரைசல் பட்டவுடன் வெடிக்கும். இதற்கு நாங்கள் சொல்லும் மாற்று, இலையை ஒரு மில்லிமீற்றர் கீற்றாக வெட்டி, 10 நிமிடம் வெற்றிடத்தில் நொதியத்தை உட்புகுத்தி, பகலிலேயே 4 முதல் 6 மணித்தியாலத்தில் முடிப்பது. விளைச்சல் குறையும், ஆனால் கிடைப்பது உறுதியாக இருக்கும்.

பிறகு 50 மைக்ரோமீற்றர் நைலோன் வலையில் வடித்து, 80 மடங்கு புவியீர்ப்பில் 5 நிமிடம் மையநீக்கி, அடியில் படிந்த கலங்களை 0.6 மோலார் சுக்குரோசுக் கரைசலின் மேல் மிதக்கவிட வேண்டும். உயிருள்ளவை மேலே வளையமாக நிற்கும். உடைசல்கள் அடியில் போகும். இந்த மிதப்புப் படியை நேரம் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த நிகழ்வில் வந்த பொய்க் கலங்களில் ஒரு பங்கு இங்கேதான் பிறக்கிறது.

கழுவும் கரைசல் டபிள்யூ–5: லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 9.0 கிராம், இருநீர்க் கல்சியம் குளோரைட்டு 18.4 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.37 கிராம், குளுக்கோசு 0.9 கிராம். மாரி காலத்தில் கல்சியம் குளோரைட்டு காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கட்டியாகும். அதை நிறுத்தால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறோம். சிறு போத்தலில், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கிணற்று நீரில் வடித்த நீரானால் கடத்துதிறனை ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். வடிகலம் பொங்கி உப்பு ஏறியிருந்தால் பிரசாரண அமுக்கம் மாறும்; காரணம் தெரியாமல் கலங்கள் சுருங்கும்.

சாயம் இடுதல்

கத்தரிக் கலங்களுக்கு மட்டும் புளோரசீன் இருஅசற்றேற்று. அசற்றோனில் மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் கரைத்து வைத்து, 10 மில்லிலீற்றர் கலத் தொங்கலுக்கு 10 மைக்ரோலீற்றர். இருட்டில் 10 நிமிடம். இந்தச் சாயம் வெளியே நிறமற்றது. உயிருள்ள கலத்துக்குள் போய், அங்குள்ள எசுத்தரேசு நொதியம் வெட்டிய பிறகே பச்சையாக ஒளிரும். சுண்டை இலைக்கலத்துக்குச் சாயம் வேண்டாம். நீல ஒளி பட்டால் பச்சையம் தானே சிவப்பாக ஒளிரும். 450–490 நானோமீற்றர் தூண்டலும், 515க்கு மேல் அனைத்தையும் விடும் வடிகட்டியும் இருந்தால் இரு நிறத்தையும் ஒரே பார்வையில் காணலாம்.

இங்கே ஒரு சமச்சீரின்மை இருக்கிறது, அதைக் கவனிக்காமல் போனதே இந்த நிகழ்வின் முதற் பிழை. பச்சை ஒளிர்வு உயிரைக் காட்டும். சிவப்பு ஒளிர்வு உயிரைக் காட்டாது. செத்த இலைக்கலமும் உடைந்து சிதறிய பச்சையவுருமணியும் உயிருள்ள கலம் போலவே சிவப்பாக ஒளிரும்.

இரண்டாவது பிழை கழுவலில். வெட்டப்படாத சாயம் கரைசலில் மிஞ்சினால், கலந்தவுடன் அது சுண்டைக் கலத்துக்குள்ளும் போகும். அந்தக் கலத்துக்கும் எசுத்தரேசு உண்டு. அதுவும் பச்சையாக ஒளிரும், தன் சிவப்போடு சேர்த்து. இணையாத தனிக் கலம் இரு நிறம் காட்டுவது இப்படித்தான். ஒருமுறை கழுவுவது போதாது. 10 மில்லிலீற்றர் டபிள்யூ–5இல் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மேல்நீரை அடிவரை எடுத்துக் கழுவுங்கள். இரண்டாவது மேல்நீரில் சாயமிடாத சுண்டைக் கலத்தை 15 நிமிடம் போட்டுப் பாருங்கள். அது பச்சை பிடித்தால் மூன்றாவது முறையும் கழுவ வேண்டும்.

இணைத்தல்

இரு கலங்களையும் சம அளவில் கலந்து, மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் என்ற செறிவில் 150 மைக்ரோலீற்றர்த் துளியைப் பெற்றிக் கிண்ணத்தின் நடுவில் வைத்து 10 நிமிடம் அடங்கவிடுங்கள். அதைச் சுற்றி அதே அளவு பொலியெதிலீன் கிளைக்கோல் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். 100 மில்லிலீற்றருக்குக் கிளைக்கோல் (6000 வகை) 40 கிராம், குளுக்கோசு 5.4 கிராம், இருநீர்க் கல்சியம் குளோரைட்டு 0.735 கிராம். 15 நிமிடம் அசைக்கக் கூடாது. பின்னர் பி.எச். 10.5 கொண்ட கிளைசீன்–கல்சியக் கரைசல் 10 நிமிடம். கடைசியில் டபிள்யூ–5ஐ ஓரமாக விட்டு மெதுவாக மாற்றுதல். கிளைக்கோலின் இந்தப் பயனை 1974இல் காவோவும் மிக்கைலக்கும் வெளியிட்டார்கள். உயர் பி.எச்.–கல்சிய முறை அதற்கு முந்தின ஆண்டில் கெல்லரும் மெல்கர்சும் காட்டியது. இன்று இரண்டையும் சேர்த்தே செய்கிறோம்.

பி.எச். 10.5 கரைசலை அன்றைக்கே தயாரியுங்கள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் விழும். அவை கிண்ணத்தில் மின்னிக் கண்ணை ஏமாற்றும், மென்சவ்வையும் கிழிக்கும். கார நிலையில் மிஞ்சிய சாயம் தானாகவே உடையும் என்பதால் பின்னணியும் பச்சையாக ஒளிரும். பின்னணி பச்சையானால் கழுவல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய கிளைக்கோல் போத்தலையும் நம்ப வேண்டாம். அது ஒட்சியேறி அமிலத்தன்மை கொண்டு நஞ்சாகும்.

கண்ணுக்கு முன்னால் நிற்கும் நான்கு வேடங்கள்

இணைப்பு முடிந்து ஒரு மணித்தியாலத்தில் கிண்ணத்தைப் பார்த்தால் இரு நிறப் பொருள் நிறையத் தெரியும். அவற்றில் உண்மை இணைவு ஒரு பகுதிதான்.

ஒட்டிய இணை முதலாவது. கிளைக்கோல் கலங்களை முதலில் ஒட்டத்தான் செய்கிறது. இணைவு அதற்குப் பிறகு, கரைசலை அகற்றும்போதே பெரும்பாலும் நடக்கிறது. ஒட்டியதை இணைந்ததிலிருந்து பிரிக்க அளவு உதவும். 30 மைக்ரோமீற்றர் இலைக்கலமும் 40 மைக்ரோமீற்றர் தண்டுக்கலமும் ஒன்றானால், கனவளவுகள் கூடி 45 மைக்ரோமீற்றர் உருண்டை வரும். ஒட்டி மட்டும் நின்றால் நீளம் 70 மைக்ரோமீற்றர். கண்வில்லை அளவுகோலில் இது தெளிவாகத் தெரியும். இடையில் எட்டு வடிவமாக, நடுவில் இடுக்கோடு நிற்பவை இன்னும் தீர்மானமாகாதவை. அவற்றைத் தொடாமல் இரண்டு மணித்தியாலம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவை இரண்டாவது. கிண்ணத்தை விரலால் மெதுவாகத் தட்டினால் விலகிவிடும். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சாயம் கடந்த தனிக் கலம் மூன்றாவது. இதில் பச்சையும் சிவப்பும் முழுக் கலத்திலும் ஒரே சீராக இருக்கும். அளவு பெற்றோர்க் கலத்தின் அளவே. புதிதாக இணைந்த கலம் இப்படி இராது. அதில் பச்சையவுருமணிகள் ஒரு பக்கமாகக் குவிந்து, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். பாதி இருள், பாதி வெளி. அவை கலம் முழுதும் பரவ மணித்தியாலக் கணக்கில், சில வேளை ஒரு நாள் வரை ஆகும். இந்தப் பாதிப் பாதித் தோற்றம் சாதாரண ஒளியிலேயே தெரியும். எங்கள் மதிப்பீட்டில் எந்தச் சாயத்தையும்விட நம்பத்தக்க அடையாளம் இதுதான்.

நான்காவது மிக ஆபத்தானது. உடைந்த சுண்டைக் கலத்தின் பச்சையவுருமணிகள் கிளைக்கோலால் முழுக் கத்தரிக் கலத்தின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு உயிருள்ள பச்சை, நடுவில் சிவப்புத் திட்டு, உருண்டை வடிவம், எல்லாம் சரி. பொறுக்கினால் நன்றாகப் பிரிந்து வளரவும் செய்யும், ஏனென்றால் அது நல்ல கத்தரிக் கலம். தொடக்கத்தில் சொன்ன கத்தரிப் பட்டிகளின் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். கண்டுபிடிக்க, குவியத்தை மேலும் கீழுமாக நகர்த்துங்கள். கலத்தின் நடு வட்டம் கூராகத் தெரியும் மட்டத்தில் சிவப்புப் புள்ளிகள் வட்டத்துக்கு வெளியே புடைத்து நின்றால் அவை ஒட்டுண்டவை. பிறகு நுண்குழாயால் சிறு நீரோட்டம் கொடுத்துக் கலத்தை உருட்டுங்கள். வெளியே ஒட்டியவை ஒரே கட்டியாகச் சுற்றிவரும். உள்ளே இருப்பவை கருவைச் சுற்றியும் குழியவுரு இழைகள் வழியேயும் பரவிக் கிடக்கும். பொறுமையாகப் பார்த்தால் நகர்வதையும் காணலாம்.

கட்டுப்பாட்டுக் கிண்ணம் இல்லாமல் எண்ணிக்கை இல்லை

ஒரு கிண்ணத்தில் 500 கலங்களை எண்ணி 30 இரு நிறமாக இருந்தால், இணைவு 6 வீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அதே நாள், அதே கலங்கள், அதே கையால் இன்னும் இரண்டு கிண்ணம் வேண்டும். ஒன்றில் இரு கலங்களையும் கலந்து கிளைக்கோலுக்குப் பதில் டபிள்யூ–5 மட்டும். மற்றதில் கத்தரிக்கும் சுண்டைக்கும் தனித்தனியாகக் கிளைக்கோல் கொடுத்துக் கழுவிய பிறகு கலத்தல். இரண்டாவதுதான் கடுமையான நீதிபதி. ஏனெனில் உடைசலும் ஒட்டும் தன்மையும் அதில் உண்டு, ஒன்றாக இணையும் வாய்ப்பு மட்டும் பெரும்பாலும் இல்லை. அதில் 500க்கு 20 இரு நிறமாகத் தெரிந்தால், 30இல் 10தான் இணைவின் பங்கு. மூன்று கலத்தைப் பொறுக்கினால் ஒன்றே உண்மை. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் பல கிழமை வளர்ப்பு வீணாகியிராது.

நிறம் காட்டாத இணைவும் உண்டு. சம அளவில் கலந்தால், இருகல இணைவுகளில் பாதிதான் கத்தரி–சுண்டை. கால் பங்கு கத்தரி–கத்தரி, கால் பங்கு சுண்டை–சுண்டை. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தால் வேண்டியது 37.5 வீதமாகக் குறையும். ஆகவே கலக்குமுன் இரண்டையும் எண்ணறைக் கண்ணாடியில் எண்ணுங்கள், உயிருள்ளவற்றை மட்டும்.

பொறுக்குதல்

இணைப்புக்குப் பின் 2 முதல் 5 மணித்தியாலம் நல்ல இடைவேளை. அதற்கு முன் கலம் உருண்டு முடிந்திராது. அதற்குப் பின் புளோரசீன் கசிந்து மங்கும், வெப்பமான அறையில் இன்னும் விரைவாக. நிறப்பாதிகளும் கலந்துபோகும். ஒரு நாள் கடந்தால் புதிய கலச்சுவர் தொடங்கிக் கலங்கள் அடியில் பிடிக்கும்.

கண்ணாடி மயிர்த்துளைக் குழாயைச் சுடரில் இழுத்து, உள்விட்டம் 80 மைக்ரோமீற்றர் வரும் இடத்தில் முறித்து, முனையைச் சுடரில் ஒருகணம் காட்டி மழுங்கச் செய்யுங்கள். சிலிக்கோன் குழாயால் 1 மில்லிலீற்றர் ஊசிக்குழலோடு இணைத்துக் கனிம எண்ணெய் நிரப்பினால் இழுவை நிதானமாக இருக்கும். முனையை 1 வீத மாட்டு அல்புமின் கரைசலில் தோய்த்தெடுத்தால் கலம் கண்ணாடியில் ஒட்டாது. வாயால் உறிஞ்சுவது வேண்டாம். கிண்ணத்தை மில்லிலீற்றருக்கு 10,000 கலமாக ஐதாக்கி, மூன்று அடையாளமும் சேர்ந்தவற்றை மட்டும் எடுங்கள்: உருண்டை, பெற்றோரைவிடப் பெரியது, பாதிப் பாதி. நீல ஒளியை ஒரு கலத்துக்குச் சில வினாடிக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது.

ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டு மணித்தியாலத்தில் 60 கலம். அவற்றில் 12ஐப் பலிகொடுங்கள். எதனோலும் அசற்றிக்கமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்து நிலைநிறுத்தி, கருவை ஒளிரச் செய்யும் டாப்பி சாயத்தில் கருக்களை எண்ணுங்கள். கருக்கள் பொதுவாக முதற் பிரிவிலேயே ஒன்றாகும். ஆகவே அன்றைக்கு உண்மை இணைவில் இரண்டு கரு தனித்தனியே நிற்கும். 12இல் 9 அப்படி இருந்தால், மீதி 48இல் ஏறத்தாழ 36 நல்லவை என்று எதிர்பார்க்கலாம். 4 மட்டும் என்றால் அந்தத் தொகுதியை வளர்ப்பதற்கு முன் பொறுக்கும் கண்ணைத் திருத்த வேண்டும். 1965இல் ஹரிசும் வொட்கின்சும் மனித ஹீலாக் கலத்தையும் எலிக் கட்டிக் கலத்தையும் சென்டாய் வைரசால் இணைத்தபோது, கதிரியக்கத் தைமிடீனால் கருவையே அடையாளமிட்டார்கள். ஒரு கலத்துள் இரு இனக் கரு நிற்பதை அப்படித்தான் காட்டினார்கள்.

கலம் பிரிக்கும் தானியங்கிப் பொறி கிடைத்தால்? மாதிரியைப் பேருந்தில் கொழும்புக்கு அனுப்பும் எண்ணத்தை விடுங்கள். 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குலுக்கலைச் சுவரற்ற கலம் தாங்காது. பொறி பக்கத்தில் இருந்தால், துளைவாய் கல விட்டத்தின் நான்கைந்து மடங்காவது வேண்டும்: 45 மைக்ரோமீற்றர்க் கலத்துக்கு 200 மைக்ரோமீற்றர், குறைந்த அமுக்கம். பொறிக்குள் கலங்களைச் சூழ்ந்து ஓடும் உறைநீர் வெறும் மனிற்றோலாக இருக்கக் கூடாது. அது மின்னைக் கடத்தாததால் துளிக்கு மின்னேற்ற முடியாது. டபிள்யூ–5 பொருந்தும். ஒட்டிய இணைகளை, கலம் கடக்கும்போது பொறி பதியும் துடிப்பின் உயரத்துக்கும் பரப்புக்கும் உள்ள தொடர்பால் விலக்கலாம். ஒட்டுண்ட பச்சையவுருமணியைப் பொறியால் விலக்க முடியாது. பிரித்தெடுத்ததையும் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

வளர்ப்பும் உறுதிப்படுத்தலும்

தனிக் கலத்தை 50 மைக்ரோலீற்றர் ஊடகத்தில் விட்டால் அது மில்லிலீற்றருக்கு 20 கலம் என்ற செறிவு, பிரியாமலே சாகும். 0.1 மைக்ரோலீற்றர்த் துளியில் விட்டால் செறிவு 10,000. ஆனால் அந்தத் துளி ஏசி அறையில் கண்முன்னே காய்ந்துவிடும். மேலே கனிம எண்ணெய் வேண்டும். இதைவிட இலகுவானது, 0.45 மைக்ரோமீற்றர் வடிமென்றகட்டின் மேல் பொறுக்கிய கலங்களையும் கீழே செழித்து வளரும் புகையிலைக் கலங்களையும் வைப்பது. புகையிலை டி.என்.ஏ.யை வேறுபடுத்துவது எளிது. கீழிருந்து ஏதாவது ஏறியிருந்தாலும் தெரியும்.

பி.சி.ஆர். ஓட்டும்போது இரு பெற்றோர், இருவரின் டி.என்.ஏ.யையும் சமமாகக் கலந்த குழாய், நீர்க் குழாய் நான்கும் பக்கத்தில் ஓட வேண்டும். கலந்த குழாயிலேயே ஒரு பட்டிதான் வந்தால், பெருக்கலைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டான தொடக்கி ஒருபக்கம் சாய்கிறது. அதை வைத்து எந்தத் திரளையும் ஒதுக்கக் கூடாது. இரண்டு பட்டியும் வந்த திரளை உடனே கலப்பினம் என்றும் எழுதக் கூடாது. ஒட்டிய இணை இரண்டும் பிரிந்து ஒரே கட்டியாக வளர்ந்தாலும் இரண்டு பட்டி வரும். அந்தத் திரளிலிருந்து ஐந்தாறு தளிர் எடுத்துத் தனித்தனியே ஓட்டுங்கள். கலப்பினமானால் பொதுவாக ஒவ்வொன்றிலும் இரண்டும் இருக்கும். கலவைக் கட்டியானால் சிலது கத்தரியாகவும் சிலது சுண்டையாகவும் பிரியும்.

கடைசியாக வேர்முனை. 2 மில்லிமோலார் 8–ஐதரொட்சிகுயினோலீனில் 4 மணித்தியாலம், நிலைநிறுத்தல், 60 பாகையில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலம், அசற்றோக்காமைன் சாயம். இரு பட்டியும் 48 நிறமூர்த்தமும் சேர்ந்தால் சமச்சீர்க் கலப்பினம். 48 மட்டும் போதாது, கத்தரி–கத்தரி இணைவும் 48 தரும். 72 என்றால் மூன்று கலம் இணைந்தது. 24ஓடு சுண்டையின் பச்சையவுருமணி அடையாளம் மட்டும் வந்தால், கரு இழந்த துண்டொன்று கத்தரியோடு இணைந்திருக்கிறது. கருக் கலப்பினம் இல்லைதான், ஆனாலும் அதைத் தூக்கி எறியாமல் வேறு எண்ணிட்டுக் குழாயில் வைத்திருங்கள். 48 வந்த தளிர்களை வேர்ப்பித்து, வாடல் பற்றீரியாச் சோதனைக்கு இரு பெற்றோர்ச் செடிகளுடன் ஒரே தட்டில் வைக்கலாம்.